தேசம்மாவுக்குக் கிடைத்த கண்ணியம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் விதியை மீறியவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. எல்லாம் முறைப்படி, உரிய அதிகாரிகள் முன்னிலையில், மரியாதையாகத்தான் நடந்தது. எனக்கு எரிச்சலே அதனால்தான். யாராவது ஒரு அயோக்கியன் இருந்திருந்தால் அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு நானும் நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பேன்.

புஷ்ரா ராயப்பேட்டைக்காரி. வக்கீல். கம்பெனி வழக்குகளை எடுத்திருந்தால் இன்றைக்கு அடையாறில் மாடிவீடு கட்டியிருப்பாள் என்று அவளுடைய சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவள் எடுத்ததெல்லாம் வேறு மாதிரி வழக்குகள். லாக்கப்பில் அடி வாங்கியவன், தள்ளுவண்டியைப் பறிகொடுத்தவன், பெயரைக் கேட்டதும் வாடகைக்கு வீடு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவள், இப்படி. இவர்களிடமிருந்து ஃபீஸ் வருவது அபூர்வம். பட்டினப்பாக்கத்திலிருந்து மட்டும் மீன் வரும். புஷ்ராவின் கணவர் நூர் முஹம்மது ராயப்பேட்டையிலேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவர் யார் மனமும் நோகாமல் கணக்குச் சொல்வார்: "சோறு என் கடையில. குழம்பு உன் கேஸுல."

அந்த மீனை அனுப்புகிறவள் தேசம்மா. பட்டினப்பாக்கத்துக் கடலோரச் சாலையில் மீன் விற்கிறவள். சாலையின் இந்தப் பக்கம் மணல், படகு, கடல். அந்தப் பக்கம் வீடுகள். நடுவே சாலையோரத்தில் வரிசையாகப் பலகை, ஐஸ் பெட்டி, அதற்குப் பின்னால் ஒவ்வொரு பெண்ணும். படகிலிருந்து இறங்கிய மீன் வெயில் ஏறுவதற்குள் பலகைக்கு வந்துவிடும். அதற்காகத்தான் மந்தைவெளியிலிருந்தும் தி.நகரிலிருந்தும் ஆட்கள் பை எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்தச் சாலைக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

கார் வைத்திருக்கிறவர்களுக்கு அந்தச் சாலை வேறு விதமாகத் தெரிந்தது. மெதுவாகப் போக வேண்டியிருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் மீன் மணம் உள்ளே வருகிறது என்று புகார் கொடுத்தார்கள். அதிகாரிகள் பலகைகளைத் தூக்க வந்தார்கள். புஷ்ரா நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினாள். அவளுடைய மனுவில் ஒரு பகுதி நீதிபதியையே கலங்கவைத்ததாகச் சொல்வார்கள். தேசம்மாவும் மற்ற பெண்களும் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தாள். தலைக்கு மேல் நிழல் இல்லை, கை கழுவத் தண்ணீர் இல்லை, அவசரத்துக்கு ஒதுங்கக் கழிப்பறை இல்லை. இவற்றையெல்லாம் அந்த இடத்திலேயே அரசு செய்துகொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். யாரையும் அகற்றக் கூடாது, கேட்ட வசதிகளைப் பரிசீலிக்கவும் என்று உத்தரவு வந்தது. வசதி எதுவும் வரவில்லை. ஆனாலும் பலகையைத் தூக்க யாரும் வரவில்லை. அதுவே பெரிய வெற்றி என்று அன்றைக்கு ராயப்பேட்டைக்கு வஞ்சிரம் வந்தது.

அடுத்து தேர்தல் வந்தது. ஆளப்போகிற கட்சி தொகுதிக்கு ஒரு முகம் தேடிக்கொண்டிருந்தது. பெண், சிறுபான்மை, வக்கீல், போராளி என்று எல்லாம் ஒரே முகத்தில் கிடைத்ததில் கட்சிக்குப் பல நாற்காலிகள் மிச்சம். புஷ்ரா யோசித்தாள். எனக்குக் கறுப்புக் கோட்டே போதும் என்றாள். அவளைச் சம்மதிக்க வைத்தது கட்சியின் தூதுவர்கள் இல்லை, தேசம்மாதான்.

"நீ கோர்ட்டுல தடை வாங்கிக் குடுத்த, சரி. அத்த எவனாச்சும் என்னிக்காச்சும் கீசிப் போடுவான்," என்றாள் தேசம்மா. "சட்டம் எழுதுற எடத்துலயே நீ குந்திக்கினா அப்பால எவன் வருவான், சொல்லு வக்கீலம்மா."

புஷ்ரா சம்மதித்தாள், கட்சியும் சாலையோரத்தில் கழிப்பறை கட்டித் தருவதாக வாக்குறுதி கொடுத்தது. மீன்பாடி வண்டியில் நின்றுகொண்டே ஓட்டுக் கேட்டாள். முன்னால் தேசம்மா மீன் கூவுகிற அதே குரலில் சின்னத்தைக் கூவிக்கொண்டு நடந்தாள். கட்சி வாடகைக்கு எடுத்திருந்த ஒலிபெருக்கி வேலையில்லாமல் பின்னால் வந்தது. ஓட்டு எண்ணிய அன்று பட்டினப்பாக்கத்தில் பட்டாசு வெடித்தார்கள். இனிமேல் நம்ம ஆள் உள்ளே இருக்கிறாள் என்று பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

உள்ளே புஷ்ராவை வரவேற்றவர் மாசிலாமணி. அவர் கட்சியின் கொறடா. உறுப்பினர்கள் எதற்குக் கை தூக்க வேண்டும், எப்போது வாயைத் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று சொல்கிற பொறுப்பு அவருடையது. தங்கமான மனிதர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. புதிய உறுப்பினர்களுக்கு அவரே வகுப்பு எடுத்தார். மேசையைத் தட்டுவது பற்றித்தான் முதல் பாடம். அமைச்சர் பெயருக்கு விரல்களால் தட்டினால் போதும். கட்சித் தலைவர் பெயருக்கு முழு உள்ளங்கை. தலைவர் அவைக்குள் நுழைந்தால் எழுந்து நின்று, இரண்டு கையாலும், அவர் உட்காரும்வரை. மோதிரம் போட்டிருப்பவர்கள் மோதிரத்தைத் திருப்பிக்கொள்வது நல்லது என்று அனுபவத்திலிருந்து ஒரு குறிப்பும் கொடுத்தார்.

கேள்வி கேட்பது எப்போது கற்றுத்தருவீர்கள் என்று புஷ்ரா கேட்டாள்.

"மேடம், நீங்க வக்கீல், ஒங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன்," என்றார் மாசிலாமணி. "கோர்ட்டுல நீங்க பேசி முடிச்சா தீர்ப்பு வரும். இங்க தீர்ப்பு வந்தப்புறம்தான் நீங்க பேசுவீங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

முதல் பேச்சுக்கு புஷ்ரா நன்றாகத் தயார் செய்திருந்தாள். கேட்கப்போவது பெரிதாக ஒன்றும் இல்லை, பட்டினப்பாக்கத்துச் சாலையோரத்தில் ஒரு கழிப்பறை. ஆனால் பேச்சு என்றால் நன்றியில்தான் தொடங்க வேண்டும் என்பது மரபு. தலைவருக்கு நன்றி சொன்னாள். தலைவரைப் பெற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று பக்கத்து இருக்கையிலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார், சொன்னாள். அமைச்சருக்கு, கொறடாவுக்கு, பேரவைத் தலைவருக்கு, வாய்ப்பளித்த வட்டச் செயலாளர்களுக்கு. ஒவ்வொரு பெயருக்கும் தட்டல் ஓயும்வரை காத்திருக்க வேண்டும். தொகுதி மக்களுக்கு நன்றி என்று வாயெடுத்தபோது மணி அடித்தது. உட்காருங்கள் என்றார் பேரவைத் தலைவர்.

அமைச்சர் பதில் சொல்ல எழுந்தார். "உறுப்பினர் என்ன கேட்க வந்தார் என்பதை இந்த அரசு நன்கு அறியும். அது பரிசீலனையில் உள்ளது," என்றார். புஷ்ராவைத் தவிர எல்லோரும் விரல்களால் தட்டினார்கள்.

அடுத்த முறை அவள் நன்றியை அப்படியே விட்டுவிட்டாள். எழுந்ததும் விஷயத்துக்கு வந்தாள். "பட்டினப்பாக்கத்துப் பெண்களுக்கு அரசு வாக்குறுதி கொடுத்தது. அதை நிறைவேற்றவில்லை. அவர்கள் வெயிலில் கருகிக்கொண்டிருக்கிறார்கள். அமைச்சர் குளிர்பதன அறையில் மகிழ்ச்சியாக இருக்கிறார்," என்றாள். அவை அதிர்ந்தது. ஆளுங்கட்சி வரிசையிலிருந்து இப்படியொரு குரல் வந்து பல காலமாகிவிட்டது போலிருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர்கள்கூட எந்தப் பக்கம் கூச்சல் போடுவது என்று தெரியாமல் திகைத்தார்கள். கண்ணியக் குறைவான பகுதிகள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படும் என்று பேரவைத் தலைவர் அறிவித்தார்.

நீக்கினார்கள். நிறைவேற்றவில்லை என்பது அரசின் மீது களங்கம், ஆகவே போயிற்று. வெயிலில் கருகுவது மிகை. குளிர்பதன அறை தனிப்பட்ட தாக்குதல். கடைசியில் புஷ்ரா பேசியதாக அச்சில் நின்றது இதுதான்: பட்டினப்பாக்கத்துப் பெண்களுக்கு அரசு வாக்குறுதி கொடுத்தது. அமைச்சர் மகிழ்ச்சியாக இருக்கிறார். கட்சிப் பத்திரிகை அதைப் பெட்டி கட்டிப் போட்டது. மாசிலாமணி வந்து கையைக் குலுக்கி, நீங்கள் இவ்வளவு சீக்கிரம் தேறுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்றார்.

இதற்கிடையில் தேசம்மா தொகுதி அலுவலகத்துக்கு வந்துபோனாள். அங்கே உதவியாளராக ராபர்ட் என்ற சுத்தமான பேர்வழியைக் கட்சி அனுப்பியிருந்தது. தேசம்மா கொண்டுவந்த மீனை அவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். மக்கள் பிரதிநிதி அன்பளிப்பு வாங்குவது நன்னடத்தை விதிக்கு மாறானது என்று விளக்கினார். ஒரு கூறு சங்கரா மீனுக்கு நன்னடத்தை விதியைக் காட்டிய அந்த அலுவலகத்தில், உள்ளே மூலையில் வெள்ளி வீணையும் ஆளுயரக் குத்துவிளக்கும் அடுக்கப்பட்டிருந்தன. அவை நினைவுப் பரிசுகள். அதற்கு விதி வேறு.

புஷ்ரா விஷயம் தெரிந்து வெளியே ஓடிவந்து தேசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கழிப்பறை இன்னும் வரவில்லை என்று சொல்வதற்கே கூசியது. தேசம்மா கோபித்துக்கொள்ளவில்லை.

"அது கெடக்கு வக்கீலம்மா, இம்மாங்காலம் இல்லாமலா கீறோம். நீ மட்டும் அந்த எடத்துல நல்லா குந்திக்கினு இரு. எயுந்துராத," என்று சொல்லிவிட்டு மீனோடு திரும்பிப் போனாள்.

அந்த நம்பிக்கைதான் புஷ்ராவைத் தூங்கவிடாமல் செய்தது. கோர்ட்டில் தோற்றால் மேல்முறையீடு உண்டு. இங்கே தோற்றோமா ஜெயித்தோமா என்பதே அவளுக்குப் புரியவில்லை.

ஒருநாள் அமைச்சர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். முகமெல்லாம் பூரிப்பு. உங்கள் நெடுநாள் கனவு நனவாகப் போகிறது என்று ஒரு சட்டமுன்வடிவைக் கொடுத்தார். சாலையோர மகளிர் கண்ணியச் சட்டம் என்று பெயர். புஷ்ரா ஆவலோடு பிரித்தாள். சட்டம் எதற்காக என்று விளக்குகிற முதல் பகுதியைப் படிக்கப் படிக்க அவளுக்கு மெய்சிலிர்த்தது. தலைக்கு மேல் நிழல் இல்லை, கை கழுவத் தண்ணீர் இல்லை, அவசரத்துக்கு ஒதுங்கக் கழிப்பறை இல்லை. நீதிமன்றத்தில் அவள் எழுதிக்கொடுத்த மனு. ஒரு கால்புள்ளிகூட மாற்றவில்லை.

அடுத்த பக்கத்தில் சட்டம் இருந்தது. இத்தகைய இழிநிலையில் எந்தப் பெண்ணும் உட்காரக் கூடாது என்பதால், கடலோரச் சாலையில் உட்கார்ந்து வியாபாரம் செய்வது இனி தண்டனைக்குரிய குற்றம். இதற்கு முரணான முந்தைய நீதிமன்ற உத்தரவுகள் இனி செல்லா. பெண்களின் கண்ணியம் காக்க, நகரத்துக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், ஓடு பதித்த, மின்விசிறி போட்ட அங்காடி கட்டித் தரப்படும். அதில் கழிப்பறையும் உண்டு.

புஷ்ரா அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தாள். கரையில் இறங்குகிற மீன் அவ்வளவு தூரம் எப்படிப் போகும், போனாலும் வாங்க யார் வருவார்கள் என்று கேட்டாள்.

"அது மீன்வளத் துறை பாக்கணும் மேடம். எங்க துறை கண்ணியம் மட்டும்தான்," என்றார் அமைச்சர்.

"சார், நான் இதை எழுதினது அவங்களுக்கு அங்கயே கழிப்பறை கட்டிக் குடுங்கன்னு கேக்கறதுக்கு."

"நீங்க பிரச்சினையைச் சொன்னீங்க. எவ்வளவு உருக்கமா சொல்லியிருந்தீங்க. படிச்சிட்டு என் மனைவியே அழுதாங்க. ஆனா தீர்வு சொல்றது அரசாங்கத்தோட வேலை இல்லையா?" அமைச்சர் எழுந்து அவள் தோளில் சால்வையைப் போட்டார். "கட்சியில எல்லாரும் இதை இப்பவே புஷ்ரா சட்டம்னுதான் சொல்றாங்க."

சால்வையோடு வெளியே வந்த புஷ்ரா தாழ்வாரத்தில் நின்றாள். எதிரிகள் அவளை எத்தனையோ வழக்குகளில் மடக்கியிருக்கிறார்கள். அவள் எழுதியதை எடுத்தே அவளை நம்பியவர்களை அடித்தது இதுதான் முதல் தடவை. அதுவும் எதிரிகள் இல்லை, அவள் ஓட்டு வாங்கிக்கொடுத்த சொந்தக் கட்சி.

தலைவரைப் பார்த்து முறையிடலாம் என்று நேரம் கேட்டாள். கிடைத்தது. வரிசையில் நிற்கவைத்தார்கள். அவள் முறை வந்தபோது தலைவர் கனிவாகச் சிரித்தார். புஷ்ரா அந்தப் பெண்களின் கதையைச் சொல்லத் தொடங்கினாள். புகைப்படக்காரர் படம் எடுத்து முடித்தார். "சிறப்பு," என்றார் தலைவர். அடுத்தவரை உள்ளே விட்டார்கள்.

அப்போதுதான் புஷ்ரா முடிவு செய்தாள். வாக்கெடுப்பில் எழுந்து இல்லை என்று சொல்லிவிடுவது. ஒரே ஒரு வார்த்தை. அதில் நீக்குவதற்கு ஒன்றும் இருக்காது. மாசிலாமணியிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவர் பதறவில்லை. கொறடா உத்தரவை மீறினால் பதவி பறிபோகும் மேடம் என்று வருத்தத்தோடு நினைவூட்டினார். நூர் முஹம்மது அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருந்தார். போனால் போகட்டும், வீட்டில் குழம்பாவது வரும் என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

பட்டினப்பாக்கத்துக்கும் போய், வரப்போகிற சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னாள். "தேசம்மா, பதவி போனாலும் பரவால்ல. நான் இல்லைன்னு சொல்லிடுவேன். இது என் வார்த்தை." தேசம்மா அதைக் கரை முழுக்கச் சொல்லிவிட்டாள். வாக்கெடுப்பு நாளில் பெண்கள் பலகைகளை விட்டுவிட்டு, ரோஸி என்கிற பெண்ணின் செல்போனில் நேரலை பார்க்கக் கூடினார்கள். வாடிக்கையாளர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள்.

எதிர்க்கட்சி அன்று காலையிலேயே வெளிநடப்புச் செய்துவிட்டது. இந்தச் சட்டத்துக்காக இல்லை. வேறு ஏதோ ஒன்றுக்காக. வெளிநடப்புச் செய்தவர்கள் வாசலில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அமைச்சர் உருக்கமாகப் பேசினார். சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளைப் பார்க்கும்போதெல்லாம் தன் நெஞ்சு பதறுகிறது என்றும், அதனாலேயே அந்தச் சாலையில் தான் போவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றும் சொன்னார். இந்தச் சட்டம் வந்தபின் அவர்கள் இனி நம் கண்ணில் படவே மாட்டார்கள் என்று உறுதியளித்தார். அவை தட்டியது.

பேரவைத் தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். ஆம் என்போர் என்றதும் கூரை அதிர்ந்தது. பிறகு, இல்லை என்போர் என்றார்.

புஷ்ரா எழுந்தாள். அதே நொடியில் எதிரே இருந்த கதவு திறந்தது. தலைவர் அவைக்குள் நுழைந்தார். சட்டம் நிறைவேறுகிற நேரம் பார்த்து வந்து உட்காருவது அவருடைய வழக்கம். அவை முழுவதும் எழுந்து இரண்டு கையாலும் மேசையைத் தட்டத் தொடங்கியது. புஷ்ரா இல்லை என்றாள். தொண்டை கிழிய மறுபடியும் இல்லை என்றாள். தலைவர் கும்பிட்டபடியே மெல்ல நடந்து வந்தார். அவர் உட்காரும்வரை தட்டல் ஓயவில்லை. ஓய்ந்தபோது, மசோதா ஒருமனதாக நிறைவேறியது என்று பேரவைத் தலைவர் சொல்லி முடித்திருந்தார்.

"நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன். எண்ணுங்க," என்றாள் புஷ்ரா. அவளுடைய மைக் அணைந்திருந்தது.

"உறுப்பினரின் மகிழ்ச்சியை அவை புரிந்துகொள்கிறது," என்றார் பேரவைத் தலைவர். "ஆனால் ஒருமனதை எண்ணுகிற வழக்கம் இங்கே இல்லை. அமருங்கள்."

அவள் நேரே மாசிலாமணியிடம் போனாள். உத்தரவை மீறிவிட்டேன், என் பதவியைப் பறியுங்கள் என்றாள். அவர் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஒருமனதாக நிறைவேறிய சட்டத்தை ஒருவர் எதிர்த்திருக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார். எதிர்த்ததாக வெளியே சொன்னால்தான் அவையை அவமதித்த குற்றம் வரும் என்றார். உங்கள் பதவிக்கு ஒரு ஆபத்தும் இல்லை மேடம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தைரியம் சொன்னார்.

புஷ்ரா ராஜினாமா எழுதினாள். மிகுந்த வேதனையுடன் விலகுகிறேன் என்று எழுதியிருந்தாள். பேரவைத் தலைவர் அழைத்து விசாரித்தார். ராஜினாமா என்பது உறுப்பினர் தாமாக முன்வந்து, மனம் தெளிந்த நிலையில் செய்ய வேண்டிய காரியம் என்றும், வேதனையில் இருப்பவரின் மனம் தெளிந்திருப்பதாகச் சொல்ல முடியாது என்றும் தீர்ப்பளித்தார். மகிழ்ச்சியாக இருக்கும்போது வந்து எழுதிக் கொடுங்கள், உடனே ஏற்கிறேன் என்றார்.

அதன் பிறகுதான் அவள் பட்டினப்பாக்கத்துக்குப் போனாள். அவ்வளவு நாள் போகாமல் இருந்ததற்குக் காரணம் வேலை இல்லை, பயம். பெண்கள் யாரும் எழுந்து வரவில்லை. தேசம்மா பலகையில் மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ரோஸியின் செல்போனில் அவர்கள் பார்த்தது இவ்வளவுதான்: தலைவர் வருகிறார், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், புஷ்ராவும் நிற்கிறாள், வாய் அசைகிறது, ஒருமனதாக நிறைவேறியது.

"இல்லன்னு சொல்றேன்னியே," என்றாள் தேசம்மா, தலையைத் தூக்காமல்.

"சொன்னேன் தேசம்மா. அல்லா மேல ஆணையா சொன்னேன். அந்தச் சத்தத்துல கேக்கல."

தேசம்மா மீனைத் திருப்பிப் போட்டாள். "நான் இங்க குந்திக்கினு கூவுனா அந்தத் தெரு முனையில கீறவங்க பையத் தூக்கினு வராங்க. என்கிட்ட மைக்கு இல்ல, ஒண்ணும் இல்ல. உனுக்கு முன்னால அத்தினி மைக்கு. நீ சொன்னது எங்கள்ல ஒருத்திக்கும் கேக்கலியே. இன்னா பண்ணச் சொல்ற?"

அவள் நம்பவில்லை என்பது புஷ்ராவுக்குப் புரிந்தது. நம்பாததில் தப்பில்லை என்பதும் புரிந்தது. தன் கட்சி தன்னை ஏமாற்றியது வலித்தது. ஆனால் தேசம்மாவின் கண்ணில் தானும் அந்தக் கட்சிதான் என்று தெரிந்துகொண்டது அதைவிட வலித்தது. ஒரு வாடிக்கையாளர் வந்தார். தேசம்மா அவரிடம் விலை சொல்லத் தொடங்கினாள்.

சட்டம் அமலுக்கு வந்த காலையில் போலீஸ் வண்டிகளும் மண் அள்ளும் இயந்திரமும் வந்தன. பெண்கள் பலகைகளைவிட்டு நகராமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தகவல் தெரிந்து புஷ்ரா ஆட்டோவில் வந்து இறங்கி, தேசம்மாவின் பக்கத்தில் வெறும் தார் ரோட்டில் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் ஓடிவந்து சல்யூட் அடித்தார்.

"என்னையும் கைது பண்ணுங்க," என்றாள் புஷ்ரா.

இன்ஸ்பெக்டருக்கு வியர்த்துவிட்டது. யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வந்து, உங்களைக் கைது செய்யச் சட்டத்தில் இடமில்லை மேடம் என்றார். அவளே படித்த சட்டம்தான். கடைசிப் பக்கத்தில், பார்வையிட வரும் மக்கள் பிரதிநிதிகளுக்கு இச்சட்டத்தின் பிரிவுகள் பொருந்தா என்று ஒரு வரி இருந்தது. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

பெண்களை ஒவ்வொருவராக வண்டியில் ஏற்றினார்கள். ஐஸ் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். தேசம்மாவை இரண்டு பெண் போலீஸ் தூக்கிக்கொண்டு போனபோது புஷ்ரா பின்னாலேயே ஓடி வண்டிப் படியில் ஏறிவிட்டாள். அவளைத் தொடவும் முடியாமல், விடவும் முடியாமல் கான்ஸ்டபிள்கள் கைகட்டி நின்றார்கள். கடைசியில் அவளைக் கீழே இறக்கியது தேசம்மாதான். வண்டிக்குள்ளிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"வேணாம் மேடம். எறங்கிடுங்க. நீங்க ஏறினா வண்டி கெளம்பாது. நாங்க இங்கியே வெயில்ல கெடந்து நாறணும்."

வக்கீலம்மா என்றுதான் அவள் இதுவரை அழைத்திருக்கிறாள். நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறாள். புஷ்ரா இறங்கினாள். வண்டி கிளம்பிப் போயிற்று.

சாலையில் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது. கார்கள் வேகமாகப் போகத் தொடங்கியிருந்தன. நின்றுகொண்டே இருக்கிறீர்களே என்று இன்ஸ்பெக்டர் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவரச் சொல்லி, தேசம்மாவின் பலகை இருந்த இடத்தில் போடச் செய்தார். ஒரு கான்ஸ்டபிள் குடை பிடித்தான். புஷ்ரா வேண்டாம் என்றாள். பிறகு உட்கார்ந்தாள். அந்தச் சாலையோரத்தில் உட்காரச் சட்டப்படி அனுமதியுள்ள ஒரே பெண் இப்போது அவள்தான்.